மூணாவது கோட்ல அடி கலர் கிளம்புதா? வாஷ் அடிக்கிறத நிறுத்துங்க

நண்பா, முகலாயர் மினியேச்சர் (சின்ன சைஸ்ல நுணுக்கமா போடுற ஓவியம்) ஸ்டைல் முகத்த வாட்டர்கலர் பேப்பர்ல போடுறேன், மூணாவது கோட்ல அடி கலர் கிளம்பி சேறாயிடுதுன்னு எழுதியிருந்தீங்க. கலர்ல இருக்கிற பிசின் தண்ணி பட்டா திரும்ப இளகும், அதான் காரணம். அதனால ஃப்ளாட் கலர் காஞ்சதும் வாஷே (தண்ணியா கரைச்ச கலர பரவலா அடிக்கிறது) வேணாம், பிரஷ்ஷ துணில ஒத்தி கிட்டத்தட்ட காஞ்ச நுனியால பொடிப்பொடியா கோடு மேல கோடா ஷேட் ஏத்துங்க, இதத்தான் பர்தாக்த்னு சொல்வாங்க, ஒரு கன்னத்துக்கே சில நாள் ஆகும், பொறுமை இல்லன்னா இந்தப் பக்கமே வராதீங்க 😄

பேப்பரும் சொரசொரப்பா இருந்தா கோடு உடையும். மெல்லிசு பேப்பர நாலஞ்சு அடுக்கா மாவுப்பசை போட்டு ஒட்டி (பூச்சி வராம இருக்க பசைல கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பாங்க, விஷம், கை ஜாக்கிரதை) காஞ்சதும் அகேட் கல்லாலயோ சோழியாலயோ வழவழன்னு தேய்க்கணும். இதான் வாஸ்லி.

அப்புறம் "இதெல்லாம் பழச காப்பி அடிக்கிறதுதானே"ன்னு ஃப்ரெண்டு சொன்னாராமே, அவருக்கு பாகிஸ்தான்ல பிறந்த ஓவியர் ஷாஜியா சிக்கந்தர் இதே ஸ்டைல்ல போட்ட 'தி ஸ்க்ரோல்' ஓவியத்த காட்டுங்க. லாகூர் நேஷனல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ஸ்ல படிக்கும்போது போட்டது, சுமார் அஞ்சடி நீளம், இந்தக் காலத்து வீட்டுக்குள்ள ஒரு பொண்ணு ரூம் ரூமா நடந்துட்டே இருப்பா. அதே காலேஜ்ல படிச்ச ஓவியர் இம்ரான் குரேஷி 2013ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் மொட்டை மாடித் தரையையே பெயிண்ட் பண்ணார், ரத்தம் தெறிச்ச மாதிரி செவப்பு, கிட்டப் போய்ப் பார்த்தா மினியேச்சர்ல வர்ற அதே இலையும் பூவும்.

முதல்ல ஒரு காது மட்டும் போட்டுப் பாருங்க.