இத்தாலியன்ல "பார்லெரெப்பே" மாதிரி வினைகளை எங்க பிரிக்கணும், எங்க அழுத்தணும்?

"பேசுவேன், ஆனா..."ன்னு இழுக்கிறோம்ல, அந்த மாதிரி நிபந்தனையோட வர்ற வினைதான் கண்டிஷனல். பார்-லெ-ரெய் (நான் பேசுவேன்), பார்-லெ-ரெ-ஸ்தி (நீ), பார்-லெ-ரெப்-பே (அவன்/அவ, "ரெப்-பே"ல பஸ்ல வர்ற ப சத்தம்). ஆறு வடிவத்துலயும் அழுத்தம் அந்த "ரெ" மேலதான், நகராது.

ஏன்னா ஒரு காலத்துல இது ரெண்டு தனி வார்த்தை, "பேச"ங்கிற வினையோட "வச்சிருந்தேன்"ங்கிற லத்தீன் துணைவினை வந்து ஒட்டிக்கிச்சு, ஒட்டினதோட தன்னோட அழுத்தத்தையும் கூடவே கொண்டுவந்துடுச்சு, கல்யாணமாகி வந்தும் வீட்டுச் சாவிய கைல வச்சிருக்கிற மருமக மாதிரி.

இரட்டை மெய் வந்தா நடுவுல வெட்டுங்க, நாம அப்-பான்னு சொல்ற மாதிரியே. இதுல கோட்டை விட்டா அர்த்தமே மாறிடும்: பார்லெரேமோன்னா "பேசுவோம்", சும்மா எதிர்காலம், பார்லெரெம்மோன்னா "பேசுவோம், ஆனா...". கனி, கன்னி வித்தியாசம்தான், நமக்கு இது ஈஸி. ஆனா "ஸ்தி"ல இருக்கிற ஸ்-ஐ மட்டும் பிரிக்காதீங்க, அது அடுத்த அசையோட போகும்.

அப்புறம், இத்தாலியன்ல எப்பவுமே கடைசிக்கு முந்தின அசைலதான் அழுத்தம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு: "அவங்க பேசுவாங்க"ங்கிற பார்-லெ-ரெப்-பெ-ரோல கடைசிலேருந்து மூணாவது அசை, பார்-லெ-ரெய்ல கடைசி அசையே.