இருட்டிலும் கைக்குத் தெரிகிற சுவிட்ச் போர்டு

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்கிறோம். கூடத்துப் போர்டில் ஒரே மாதிரி ஏழு சுவிட்சுகளும் இரண்டு பிளக் பாயிண்டுகளும் உள்ளன. இரவில் எழும் என் 76 வயது மாமியார் விளக்கைத் தேடி எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார். பேத்திக்கு ஒன்றரை வயது. போர்டோ தாழ்வாக இருக்கிறது. புதிய போர்டை எப்படி அமைக்கச் சொல்லலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். பைப்பிலிருந்து எந்த வயர் முதலில் கைக்கு வருகிறதோ அதை முதல் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போகும் வயர்மேன்களை மதுரைப் பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால் கூடத்தில் மூன்றாவதாக இருக்கும் விளக்கு சுவிட்ச், அடுத்த அறையில் ஐந்தாவதாகிவிடுகிறது. எல்லா அறைகளிலும் கதவை ஒட்டிய முதல் சுவிட்ச் விளக்குக்கு, ரெகுலேட்டரை ஒட்டியது மின்விசிறிக்கு என்று ஒரே வரிசையை முன்பே தாளில் வரைந்து கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே வெற்றுத் தகடு ஒன்றைப் போட்டால், தடவும் விரலுக்கு அந்த இடைவெளியே அடையாளமாகும். விளக்கு சுவிட்ச் மட்டும், அணைந்திருக்கும்போது ஒளிரும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு உள்ளதாக இருக்கட்டும். ஆனால் அத்தகைய சுவிட்சோடு சில எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும் என்பதால், உங்கள் பல்பை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிளக் பாயிண்டுகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். விளக்கைத் தேடும் கை அவற்றின் பக்கம் போகவே தேவையிருக்காது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விடும். ஷட்டர் உள்ள சாக்கெட்டில் மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறப்பதும் அதுதான். நம் வீடுகளிலோ, இரண்டு பின் சார்ஜர் உள்ளே போகவில்லை என்று மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி ஷட்டரைத் திறக்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை அடுத்த நாள் அதையே கம்பியால் செய்து பார்க்கும். ஆகவே இரண்டு பின்னையும் சேர்த்துச் செருகினால் திறக்கும் ஷட்டர் கொண்ட சாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்றும் உண்டு. மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் வயரைத்தான் சுவிட்ச் துண்டிக்க வேண்டும். அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் சுவிட்சை மாட்டிவிட்டால், சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் 230 வோல்ட் காத்திருக்கும். வேலை முடிந்ததும் வயர்மேனையே டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: எர்த் துளை மேலே இருக்க, நாம் பார்க்கையில் வலப்பக்கத் துளையில் சுவிட்ச் போட்டால் எரிந்து, அணைத்தால் அணைய வேண்டும், இடப்பக்கத்தில் எப்போதும் எரியக் கூடாது.

தண்ணீர் காய்ச்சும் 1500 வாட் ராடு சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 6 ஆம்பியர் பாயிண்ட் அதற்குப் போதாது. தடித்த வயருடன் 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக வேண்டும். மெயினில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. இருக்கிறதே என்று வயர்மேன் சொன்னால் ஏற்காதீர்கள். அது வயர் சூடாகாமல் காக்குமே தவிர, எர்த் கசிவால் ஷாக் அடிக்கும் ஆளைக் காக்காது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

உயரத்தை மட்டும் நானோ வயர்மேனோ முடிவு செய்ய வேண்டாம். சுவரை உடைப்பதற்கு முன், தரையிலிருந்து மூன்றரை அடியில் போர்டின் அளவுக்குச் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு மாமியாரைக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து கை வைக்கச் சொல்லுங்கள். அவர் கை எங்கே படுகிறதோ, முதல் சுவிட்ச் அங்கே வரட்டும்.