இலவச ஆன்லைன் கோர்ஸ்களில் சேர்ந்து பாதியிலேயே விட்டுவிடுகிறேன். இவற்றால் உண்மையில் பயன் உண்டா?

நீங்களும் என்னைப்போல வேலை முடிந்து வந்து, ராத்திரியில் போனைத் திறந்து படிக்கிறவர் என்று நினைத்து எழுதுகிறேன். பயன் உண்டு. பாதியில் விட்டதற்காக யாராவது உங்களைச் சோம்பேறி என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தபோது ஏறத்தாழ 160,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தது சுமார் 23,000 பேர்தான். மிச்சப் பேர் எல்லோருமா சோம்பேறிகள்?

நான் திருகோணமலை, உப்புவெளி. என்.சி. வீதியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2022 தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் சார்ல்ஸ் செவரன்ஸ் நடத்தும் பைத்தன் பாடத்தை, அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி ஒன்றின் பாடத்தை, கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் தொடங்கினேன். மார்ச் கடைசியில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில் வீடியோவை இறக்கி, காலையில் பஸ்ஸில் பார்ப்பேன். அதையெல்லாம் சமாளித்தேன். தடுக்கிய இடம் ஐந்தாம் அத்தியாயம், லூப். ஒரே கட்டளையைக் கணினியைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுதான் அது. மூன்று இரவும் ஒரே பிழைச்செய்தி. கேட்க ஆளில்லை. கலந்துரையாடல் பகுதியில் ஆங்கிலத்தில் எழுதக் கூச்சம். விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் சித்தியின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாள். என் பழைய பயிற்சியைப் பார்த்தவள், "அக்கா, லூப் தொடங்கும் ஃபோர் (for) வரியின் முடிவில் முக்காற்புள்ளி (:) எங்கே?" என்றாள். அவ்வளவுதான் பிழை! அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் விறாந்தையில் இருவரும் சேர்ந்து இருந்தோம். ஒருத்தி வீடியோவைத் தமிழில் சொல்ல, மற்றவள் எழுதிப் பார்ப்பாள். நான்கு மாதத்தில் முடித்தோம். இப்போது கடையின் மாதக் கணக்கில் பாதி வேலையை நான் எழுதிய பைத்தன்தான் செய்கிறது.

டேட்டா வாங்க வசதி இருந்தவள் பேசுகிறாள் என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மைதான், டேட்டாவும் ஒரு கட்டணம்தான். சான்றிதழுக்கும் காசு. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன பிறகு அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நிதியுதவிக்கு விண்ணப்பம் எழுதி, காத்திருந்துதான் வாங்கினேன்.

    

சரி, உங்கள் விஷயம். புதிதாக இன்னொரு கோர்ஸில் சேர வேண்டாம். விட்ட பயிற்சியைத் திறந்து, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரி வரியாக வாசித்துச் சொல்லுங்கள்.