செல்லுக்குள் வைரஸைத் தடுக்கும் எஸ்ஐஆர்என்ஏ: கேள்வி பதில்

கேள்வி (கிண்டி): மேடம், டெங்கு வைரஸைக் குறிவைக்கும் எஸ்ஐஆர்என்ஏ (தனக்குப் பொருந்தும் ஆர்என்ஏவைச் செல்லே வெட்டும்படி செய்யும் சிறு இரட்டை இழை ஆர்என்ஏ) 5 நேனோமோல் வந்திருக்கிறது. செல் வளர்க்கும் 24 குழித் தட்டில் குழிக்கு எவ்வளவு போடலாம்?

பதில்: குப்பி அறை வெப்பத்துக்கு வரட்டும். சென்னைக் காற்றில் சில்லென்று திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். சென்ட்ரிபியூஜில் ஒரு சுற்று விட்டு, ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைம்) இல்லாத பஃபர் 250 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 20 மைக்ரோமோலார் ஸ்டாக். அதை 20 மடங்கு நீர்த்து, குழிக்கு 5 மைக்ரோலிட்டர் எடுங்கள். மொத்தம் 500 மைக்ரோலிட்டரில் அது 10 நேனோமோலார். ஸ்டாக்கிலிருந்து நேராகக் கால் மைக்ரோலிட்டர் எடுக்காதீர்கள், சாதாரணப் பிப்பெட்டுகள் அவ்வளவு துல்லியமில்லை. எஸ்ஐஆர்என்ஏவையும், அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் லிப்பிட் 1 மைக்ரோலிட்டரையும் சீரம் இல்லாத மீடியம் 50, 50 மைக்ரோலிட்டரில் தனித்தனியாகக் கலந்து, பிறகு சேருங்கள். ஆன்டிபயாடிக் வேண்டாம். வைரஸை மறுநாள்தான் சேர்க்க வேண்டும். டெங்கு தன் ஆர்என்ஏவை எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற செல் உள்ளுறுப்பின் சவ்வுப் பைகளுக்குள் பெருக்குகிறது. அங்கே போய்விட்டால் எஸ்ஐஆர்என்ஏவுக்கு எட்டுவது கடினம்.

கேள்வி (தரமணி): ஏ549 என்ற மனித நுரையீரல் செல்லில் ஸ்கிராம்பிள்டு கன்ட்ரோல் (எதையும் குறிவைக்காதபடி எழுத்துகளைக் கலைத்த எஸ்ஐஆர்என்ஏ) போட்டாலும் வைரஸ் குறைகிறதே?

பதில்: அப்படியானால் அது சைலன்சிங் (குறிவைத்த ஆர்என்ஏவை அடக்குவது) இல்லை, பெரும்பாலும் இன்டர்ஃபெரான், அதாவது வைரஸை எதிர்க்கச் செல் சுரக்கும் புரதம். டி7 என்சைமால் நீங்களே தயாரித்த ஆர்என்ஏவா? அதன் 5' முனையிலுள்ள மூன்று பாஸ்பேட், வைரஸ் ஆர்என்ஏவை உணரும் ஆர்ஐஜி-ஐ என்ற புரதத்தைத் தட்டியெழுப்பும். இரட்டை இழை 30 ஜோடி எழுத்துக்கு மேல் நீண்டால் பிகேஆர் என்ற இன்னொரு உணர்வுப் புரதமும் விழிக்கும். வைரஸ் போடாத குழியில் இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் ஐஎஃப்ஐடி1, ஓஏஎஸ்1 மரபணுக்கள் இரண்டையும் க்யூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவை அளக்கும் சோதனை) பாருங்கள். வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லுக்கு மாறித் தப்பிக்க நினைக்காதீர்கள்: அதற்கு டைப் 1 இன்டர்ஃபெரானே சுரக்காது, பிரச்சினை மறையுமே தவிரத் தீராது. லிப்பிட் அதிகமாகி செல் நலிந்தாலும் வைரஸ் குறையும். செல் உயிரோட்டத்தையும் கூடவே அளந்துவிடுங்கள்.

கேள்வி (அடையாறு): எஸ்ஐஆர்என்ஏவால் இன்ஃப்ளூயன்சா ஜீனோமையே வெட்டலாமா?

பதில்: அது நியூக்ளியோபுரோட்டீன் உறைக்குள் இருக்கிறது. அதிலிருந்து புரதம் தயாரிக்க நகலெடுக்கப்படும் எம்ஆர்என்ஏவைக் குறிவையுங்கள்.

கேள்வி (கேளம்பாக்கம்): எச்ஐவியில், லென்டிவைரஸ் வழியாக எஸ்எச்ஆர்என்ஏ (செல்லுக்குள்ளேயே தயாராகி எஸ்ஐஆர்என்ஏவாக மாறும் கொண்டைஊசி வடிவ ஆர்என்ஏ) நுழைத்த செல்லிலும் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடுகிறது.

பதில்: குறிவைத்த 21 எழுத்துகளை சீக்வென்ஸ் செய்யுங்கள். நடுவில் ஒரே எழுத்து மாறினாலும் ஆர்என்ஏவை வெட்டும் ஆர்கோநாட் 2 புரதம் வெட்டாமல் போகலாம். அதிகம் மாறாத இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துக் குறிவைப்பதே என் யோசனை. ஆனால் ப்ரோமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) வலுவாக இருந்தால் எஸ்எச்ஆர்என்ஏ வழிந்து, அதை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் எக்ஸ்போர்ட்டின்-5ஐ அடைத்து, செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்களை முடக்கிவிடும். எச்ஐவி நுழையப் பயன்படுத்தும் செல்லின் சிசிஆர்5 ஏற்பியை அடக்குவது இன்னொரு வழி. அது செல்லின் மரபணு, அதன் எழுத்தை மாற்றித் தப்புவது வைரஸின் கையில் இல்லை. சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு ஏற்பி வழியாக நுழையும் எச்ஐவியை மட்டும் அது தடுக்காது.