30,000 ரூபாய்தான் இருக்கிறது: புதிய கேமரா வாங்கலாமா, பழைய கேமராவும் நல்ல லென்ஸும் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கையில் 30,000 ரூபாய். வீட்டு விசேஷங்களும் பறவைகளும் எடுக்க ஆசை. கிட் லென்ஸோடு (கேமராவுடன் சேர்த்தே தரும் சாதாரண லென்ஸ்) வரும் புதிய கேமராவா, செகண்ட் ஹேண்டில் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) லென்ஸும் தனித்தனியாகவா?

இது ஒரே நாளில் கைக்கு வந்த பணமாக இருக்காது, மாதாமாதம் ஒதுக்கிச் சேர்த்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். தவறாக வாங்கினால் இன்னொரு தடவை வாங்க இரண்டு வருடம் ஆகும். அந்த நிலைமையில் நான் இருந்திருக்கிறேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். என் பதில்: பழைய பாடி, நல்ல லென்ஸ். ஆனால் எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

2014-இல் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்தேன். சம்பளம் 8,500 ரூபாய். ஏலச் சீட்டு ஒன்று போட்டிருந்தேன். தள்ளு போகக் கையில் வந்த பணத்தில் நிக்கான் டி3200-ஐ 18–55 எம்எம் கிட் லென்ஸோடு புதிதாக வாங்கினேன். பையைப் பிரித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. 24 மெகாபிக்சல் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். லென்ஸைச் சுற்றி எழுதியிருந்த 3.5–5.6 என்ற எண்களை யாரும் எனக்கு விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம். அவள் எனக்கு அக்கா முறை. வசதி குறைந்த குடும்பம், அதனால் தாலி கட்டு கோயிலில், சாப்பாடு மட்டும் மண்டபத்தில். ஒரு ஸ்டுடியோக்காரரைப் பேசியிருந்தார்கள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவர் எடுக்கிறது ஆல்பத்துக்கு. நீ எடுக்கிறதுதான் எனக்கு" என்றாள்.

முகூர்த்தம் விடிவதற்கு முன்பே. கல் மண்டபம், இரண்டு டியூப் லைட், நாலைந்து குத்துவிளக்கு. நான் பக்கவாட்டில் நின்று 55 எம்எம்முக்கு, அதாவது அந்த லென்ஸின் எல்லை வரை, ஜூம் செய்தேன். அந்த ஜூமில் கிட் லென்ஸில் வெளிச்சம் நுழையும் திறப்பு எஃப் 5.6-க்கு மேல் விரியாது. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 3200 வைத்தும் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவு) வேகம் நொடியில் 20-இல் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்த வேகத்தில் தாலி கட்டுகிற கை கலங்கித்தான் விழும். பயந்துபோய் கேமராவில் இருந்த ஃபிளாஷைத் தூக்கினேன். இரண்டு மூன்று படம் விழுந்தது: நெற்றி வியர்வை வெள்ளையாகப் பளபளக்க, பின்னால் தூணில் கறுப்பு நிழல். கெட்டி மேளம் கொட்டியபோது பட்டனை அமுக்குகிறேன், கேமரா எடுக்க மறுக்கிறது. ஃபிளாஷ் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி முடித்தபோது அட்சதை தரையில் கிடந்தது.

அன்றைக்கு 300 படத்துக்கு மேல் எடுத்தேன். தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லடா" என்றுகூடச் சொல்லவில்லை. அதன்பிறகு அந்தப் படங்களைப் பற்றி என்னிடம் அவள் கேட்கவே இல்லை.

கேமரா வாங்கின கடையில் போய் இதைச் சொன்னேன். "லென்ஸில்தான் விஆர் இருக்கே, எப்படிக் கலங்கும்?" என்றார்கள். விஆர் என்பது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரே அசைகிற ஆளை அது நிறுத்தாது. இந்த ஒரு வாக்கியத்தை வாங்குகிற நாளில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பிறகுதான் இணையத்தில் உட்கார்ந்து படித்தேன். எஃப் எண் சின்னதாக ஆக ஆகத் திறப்பு பெரிதாகும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதை அதனாலேயே பெருக்கினால் கிட்டத்தட்டப் பத்து. அதாவது எஃப் 1.8 லென்ஸ், கிட் லென்ஸ் 55 எம்எம்மில் விடுவதைப்போல் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அன்று கோயிலில் எனக்கு 1/20 கிடைத்த இடத்தில் இது 1/200 கொடுத்திருக்கும். அல்லது ஐஎஸ்ஓவைப் பாதியாக்கி 1/100. தாலி கட்டுகிற கையைப் பிடிக்க அது தாராளமாகப் போதும்.

எல்லாரும் "50 எம்எம் 1.8 வாங்கு, அதுதான் மலிவு" என்று எழுதியிருந்தார்கள். வேறொரு கடையில் செகண்ட் ஹேண்டில் 50 எம்எம் 1.8டி லென்ஸ் 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. என் கேமரா மாடலைச் சொல்லித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் திரையில் எஃப்ஈஈ என்று பிழை காட்டியது. லென்ஸில் இருக்கும் திறப்பு வளையத்தை 22-இல் வைத்துப் பூட்ட வேண்டும் என்று தெரியவே அரை நாள் ஆனது. பூட்டிய பிறகும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. நிக்கானின் பழைய டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. டி90, டி7000 போன்றவற்றில் உண்டு. திருப்பிக் கொடுக்கப் போனேன். "செகண்ட் ஹேண்ட் ரிட்டர்ன் கிடையாது தம்பி" என்று முடித்துவிட்டார்கள்.

சில மாதம் அதைக் கையால் திருப்பித்தான் எடுத்தேன். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஃபோகஸ் சரியானால் ஒரு பச்சைப் புள்ளி நிற்கும். அதை நம்பிப் பழகினேன். எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தூரத்து ஆளை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 10, 12 சென்டிமீட்டர்தான். மூச்சு விட்டால்கூடத் தவறும். ஆனால் வெளிச்சத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த லென்ஸ்தான். இன்னொரு சிக்கலும் இருந்தது. என் கேமராவில் இருப்பது போன்ற சின்ன சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) 50 எம்எம் என்பது 75 எம்எம் போல நெருக்கமாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரை அடக்க வேண்டுமென்றால் என் முதுகு சுவரில் முட்டும்.

அந்த வருடத் தீபாவளி போனஸில் 35 எம்எம் 1.8ஜி லென்ஸை 7,500 ரூபாய்க்குப் பழையதாக வாங்கினேன். இது ஏஎஃப்-எஸ் வகை, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த தையில் அக்காவுக்கு வளைகாப்பு. அதே மங்கலான டியூப் லைட்தான். ஐஎஸ்ஓ 1600, வேகம் 1/100. இரண்டு கையிலும் முழங்கைக்குக் கிட்டே வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், அவள் குனிந்து வளையலைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஃபிளாஷ் இல்லை, நிழல் இல்லை. அந்தப் படம் இன்றும் அவள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஸ்டுடியோ ஆல்பம் பீரோவில் இருக்கிறது.

"இப்போது வரும் மொபைலே இருட்டில் நன்றாக எடுக்கிறதே" என்று சிலர் வருவார்கள். எடுக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பல மொபைல்கள் இருட்டில் அடுத்தடுத்து எடுத்த படங்களைச் சேர்த்துத்தான் ஒரு படமாக்குகின்றன. அசையாத கோபுரத்துக்கு அது சரி. வளையல் அடுக்குகிற கைக்குச் சரிவராது. நான் குறிப்பிடுகிற மாடல்கள் எல்லாம் நிக்கானாக இருப்பது நான் அதை வைத்திருப்பதால்தான். சோனி, ஃபூஜி வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். கேனானில் இந்த மோட்டார் தொல்லை இல்லை. 1987-இல் இஎஃப் வரிசை வந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அந்த விதத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்குக் கேனான் நிம்மதி என்பதை நிக்கான்காரனான நானே ஒப்புக்கொள்கிறேன்.

இதே மாதிரி இன்னொரு பொறியும் நிக்கானில் உண்டு. ஏஎஃப்-பி என்று போட்ட புதிய லென்ஸ்கள் டி3200, டி5100, டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. மலிவாக ஒரு 70–300 கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

பறவை என்றதும் ஒரு லட்சம் ரூபாய் லென்ஸ் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். எல்லாப் பறவைக்கும் அது தேவையில்லை. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு நான் வருடம் தவறாமல் போகிறேன். தை, மாசியில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே 5,000 ரூபாய்க்கு வாங்கின பழைய 55–200 விஆர் லென்ஸில், நாரை குஞ்சுக்கு இரை ஊட்டுவதை எடுத்திருக்கிறேன். கோயிலில் என் மானத்தை வாங்கிய அதே எஃப் 5.6, காலை எட்டு மணி வெயிலில் தாராளம். ஐஎஸ்ஓ 400-லேயே 1/1000 வேகம் கிடைத்துவிடும். குளத்தின் நடுவில் நிற்கும் வரித்தலை வாத்து 200 எம்எம்முக்கு எட்டாது. அதற்கு என்னிடம் வழியில்லை, கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். வெயிலில் எடுப்பதற்கு மலிவான ஜூம், இருட்டில் எடுப்பதற்கு 1.8 லென்ஸ். இரண்டையும் சேர்த்தே 12,500 ரூபாய்தான் ஆகிறது.

இதற்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. கேமரா வாங்கின பிறகு முகூர்த்த நாட்களில் ஒரு ஸ்டுடியோவுக்கு உதவியாளாகப் போனேன். மூன்று கல்யாணத்துக்கு 4,500 ரூபாய் இன்றுவரை வரவில்லை. "பார்ட்டி செட்டில் பண்ணலை" என்பதுதான் பதில். பணத்தைவிட அதிகமாக வலித்தது பந்தி. விடிகாலை மூன்று மணிக்கு வந்து நின்றவனை, எல்லாரும் சாப்பிட்டு இலை எடுத்த பிறகு மதியம் மூன்று மணிக்கு உட்கார வைப்பார்கள். கூட்டு, பொரியல் எல்லாம் தீர்ந்து ரசமும் மோரும்தான் வரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தெரியும். ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் படம் எடுக்கிறவரை இரண்டாவது பந்தியிலாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை.

சரி, உங்கள் 30,000-க்கு வருகிறேன். போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு நான் கூடப் போய் வாங்கிக் கொடுத்த கணக்கு இது. நிக்கான் டி7000 பாடி 14,000. 35 எம்எம் 1.8ஜி 7,500. 55–200 விஆர் 5,000. மொத்தம் 26,500. மிச்சத்தில் ஒரு மெமரி கார்டும் இன்னொரு பேட்டரியும். உங்கள் ஊரில் விலை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். டி7000 2010-இல் வந்த மாடல், பழசுதான். பலரும் மிரர்லெஸ் என்கிற புதிய வகைக் கேமராக்களுக்கு மாறி இவற்றை விற்பதால்தான் நம் கைக்கு எட்டுகிறது. புதிதுதான் வேண்டும், வாரன்டி வேண்டும் என்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். செகண்ட் ஹேண்டில் ஒரு பயம் எப்போதும் உண்டு.

அந்தப் பயத்தைக் குறைக்க நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்து ஃபைலை வாங்கினால் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம், நிக்கானில் அந்த எண் படத்தோடேயே பதிவாகும். நாங்கள் வாங்கியதில் 38,000. அந்த மாடலின் ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்திருக்கிறார்கள். லென்ஸின் ஒரு பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் அழுக்கு புள்ளிபுள்ளியாகத் தெரியும். பில் கேளுங்கள், இல்லையென்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

வாங்கின பிறகு தோல் பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது, சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தூத்துக்குடியில் ஒரு நண்பனின் லென்ஸ் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் போனது. கடல் பக்கம் இருந்தால் இதில் சோம்பல் கூடாது.

கூட்டமாக நிற்பவர்களை எஃப் 1.8-இல் எடுக்காதீர்கள், முன்வரிசை மாமா தெளிவாகவும் பின்வரிசை அத்தை கலங்கியும் விழுவார்கள். எஃப் 4-க்குப் போங்கள். வெள்ளை மேற்கூரை உள்ள மண்டபமாக இருந்தால், பின்னாளில் ஒரு சாதாரண வெளி ஃபிளாஷ் வாங்கி மேலே பார்த்து அடிக்கலாம். கறுத்த கல் கூரையில் அது பலிக்காது, அங்கே லென்ஸ்தான்.

அந்தப் பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸை நான் விற்கவே இல்லை, டப்பாவிலேயே கிடந்தது. தெருப் பையனின் டி7000 வந்த அன்று அதை எடுத்துப் போய் மாட்டினோம். பட்டனைப் பாதி அமுக்கியதும் கர்ர் என்று சுழன்று சட்டென நின்றது. அத்தனை வருடத்தில் அது தானாகத் திரும்பி ஃபோகஸ் ஆனதை நான் பார்த்தது அன்றுதான். அவனிடமே கொடுத்துவிட்டேன்.