வாகன வலையமைப்பு, மீகடத்தி, தொற்றுநோய்: வன்னியில் இருந்துகொண்டு இதில் எதை உருப்படியாக ஆராயலாம்?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதி வருடம் படிப்பதாக எழுதியிருக்கிறார். செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடி இந்த மூன்று துறைகளிலும் கட்டுரைகளை வாசித்துவிட்டு, "இதெல்லாம் பெரிய நாடுகளின் வேலை, இங்கே இருந்து சிமுலேஷன் மட்டும்தான் ஓட்டலாம் போல" என்று களைத்துப்போயிருக்கிறார்.

தம்பி (தங்கச்சி என்றால் கோவிக்க வேண்டாம்), நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அப்பா மலேரியாத் தடுப்பு வேலையில் இருந்தவர். வருடம் தவறாமல் பழைய மாணவர் யாராவது இதே கேள்வியோடு வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். செய்யலாம். ஆனால் மூன்றையும் ஒரே அளவுக்குச் செய்ய முடியாது. இன்னொன்று, மூன்றிலும் மாடு வரும். பொறுமையாக வாசியுங்கள்.

வாகனத்தில் தொடங்குவோம், உங்கள் பாடத்துக்குக் கிட்ட இருப்பது அதுதான். வாகன வலையமைப்பு என்றால், கருவி பூட்டிய ஒவ்வொரு வாகனமும் தான் இருக்கும் இடம், வேகம், போகும் திசை மூன்றையும் வினாடிக்குப் பத்துத் தடவை 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே போகும். சில நூறு மீற்றருக்குக் கேட்கும். முன்னால் போகிற பஸ் சட்டென்று பிரேக் பிடித்தால், அதற்குப் பின்னால் மறைந்து வரும் கார்க்காரனுக்கும் தெரிந்துவிடும். வை-ஃபையின் ஒன்றுவிட்ட தம்பியான 802.11பி என்ற தரம் இதற்காக 2010இல் வந்தது. கைத்தொலைபேசிப் பக்கத்தில் இருந்து சி-வி2எக்ஸ் என்று ஒரு போட்டியும் வந்தது. இரண்டில் எது என்ற சண்டை நீண்டுகொண்டே போக, 1999இல் 75 மெகாஹேர்ட்ஸ் ஒதுக்கிக் கொடுத்த அமெரிக்கா 2020இல் அதில் 45ஐத் திருப்பி எடுத்துக்கொண்டது. பணமும் ஆய்வுகூடமும் இருக்கிற நாட்டுக்கே அந்த நிலைமை.

ஏ9 வீதியில் இந்தத் தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. எதிரே வரும் லொறி இரண்டு தடவை லைட் அடித்தால் முன்னால் பொலிஸ் நிற்கிறது, இல்லையென்றால் யானை, இல்லையென்றால் மாடு. மாரியில் இரவு நேரம் மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்கு ஒருதடவை மோட்டார் சைக்கிளில் வந்து பாருங்கள். வயலெல்லாம் காலபோகப் பயிர், மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது, ஈரமில்லாத இடம் தார் வீதி ஒன்றுதான். பகல் வெயில் குடித்த சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். மாடுகள் குடும்பத்தோடு நடுவீதியில் படுத்து அசைபோடும். கறுத்த மாடு என்றால் கண் மட்டும் மின்னும், அதுவும் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால்தான். ஒரு நாள் எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் வாசித்த கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தெருக்கள் சதுரம் சதுரமாக இருக்கும், மன்ஹாட்டன் மாதிரி. ஓடுகிற எல்லா வாகனத்திலும் கருவி இருக்கும். எங்கள் வீதியில் பின் லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், விறகு கட்டிய சைக்கிள், படுத்திருக்கும் மாடு எல்லாம் உண்டு. ஒன்றிலும் கருவி இல்லை. "நூறு வாகனத்தில் ஐந்தில் மட்டும் கருவி இருந்தால் இந்த முறை என்ன ஆகும்?" என்பது நல்ல கேள்வி. "கருவியே இல்லாத ஒன்று வீதியில் படுத்திருப்பதை முதலில் கண்ட வாகனம் மற்றவைக்கு எப்படிச் சொல்லும், அந்தத் தகவல் எவ்வளவு நேரத்துக்குச் செல்லுபடியாகும்?" என்பது அதைவிட நல்ல கேள்வி. அதை நீங்கள் கேட்காவிட்டால் வேறு ஆர் கேட்கப்போகிறார்கள்?

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதில்தான் ஆசை. தொண்ணூறுகளில் வன்னியில் தொலைபேசி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த சித்திக்கு அம்மா எழுதும் கடிதம் யாராவது போகிறவர் கையில்தான் போகும். அவர் ஒருவரிடம் கொடுப்பார், அவர் இன்னொருவரிடம். மூன்று கிழமை கழித்துப் பதில் வரும், சில நேரம் வராது. வலையமைப்புக்காரர் இதையே "வைத்திரு, சுமந்து போ, கண்டால் கொடு" என்று ஒரு முறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன்னரே டாக்நெட் என்ற பெயரில் கர்நாடகக் கிராமங்களில் பஸ்ஸிலும், கம்போடியாவில் மோட்டார் சைக்கிளிலும் வை-ஃபைப் பெட்டியைப் பூட்டி, இணையம் இல்லாத ஊர்களுக்கு மின்னஞ்சல் கொண்டுபோனார்கள். வாகனம் ஊருக்குள் வரும்போது கடிதங்களை இறக்கும், ஏற்றும், போய்விடும்.

இதற்கு வேண்டியது எல்லா வாகனமும் கட்டாயம் நிற்கிற ஓர் இடம். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி, தேங்காய் அடிக்காமல், கச்சான் வாங்காமல் போகிற பஸ் உண்டா? உங்கள் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓர் இரவு உட்கார்ந்து, எந்த வாகனம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒட்டுசுட்டான் பக்கம், நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் இருந்து குளத்து நீர்மட்டமும் மழை அளவும் பஸ்ஸிலேயே வந்து சேரலாம். கச்சான் வாங்கும் நேரத்துக்குள் எவ்வளவு தரவு இறங்கும் என்பதை எந்த மன்ஹாட்டன் மாதிரியும் உங்களுக்குச் சொல்லித் தராது.

சரி, மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள். இங்கே மாடு எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

1911இல் லெய்டனில் காமர்லிங் ஒன்னெஸ் இரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்தபோது 4.2 கெல்வினில் அதன் மின்தடை காணாமல் போனது. திரவ ஹீலியம் பெரும் செலவு பிடித்த விஷயம், வன்னிக்கு எட்டாது. 1986இல் பெட்னோர்ஸ், முல்லர் என்ற இருவர் மட்பாண்ட வகைச் செப்பு ஒட்சைட்டு ஒன்றில் 35 கெல்வின் அளவில் இதைக் கண்டார்கள். அடுத்த வருடமே இற்றியம், பேரியம், செப்பு, ஒட்சிசன் சேர்ந்த பொருள் 93 கெல்வினைத் தொட்டது. திரவ நைதரசனின் கொதிநிலை 77 கெல்வின், அதாவது −196 பாகை. விஷயம் இங்கேதான் மாறியது. ஹீலியம் தேவையில்லை, நைதரசன் போதும்.

நைதரசன் கிளிநொச்சியில் எங்கே இருக்கிறது? கால்நடை வைத்திய அலுவலகத்தில். மாடுகளைச் செயற்கை முறையில் சினைப்படுத்த வைத்திருக்கும் விந்துக் குழாய்கள் திரவ நைதரசன் கானில்தான் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் ஜேர்மனியில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் லீவுக்கு வரும்போது மாத்திரைப் பெட்டி அளவில் கறுப்பு வில்லை ஒன்றைக் கொண்டுவந்தான். அந்த இற்றியச் சாமான்தான். மாட்டுக்கு ஊசி போட வரும் தெரிந்த அண்ணையிடம் போய் நின்றேன். "சேர், இது கறக்கிற மாட்டுக்கு வச்சது, பறக்கிற மாட்டுக்கு இல்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஒரு வெந்நீர்ப் போத்தலில் அரைவாசி ஊற்றித் தந்தார். மூடியை இறுக்க வேண்டாம், வெடிக்கும் என்று இரண்டு தடவை சொன்னார்.

ரிஜிபோம் கோப்பையில் வில்லையை வைத்து ஊற்றினேன். தாளிக்கிற மாதிரிச் சத்தம், வெண்புகை மேசையில் வழிந்து நிலத்தில் இறங்கியது. கொதிப்பு அடங்கியதும் இடுக்கியால் ஒரு சின்னக் காந்தத்தை மேலே விட்டேன். விழவில்லை. வில்லைக்கு மேலே விரல் நுழையும் இடைவெளியில் நின்றது. தட்டினால் சுழன்றது, நிற்கவே இல்லை. பின்வாங்கில் இருந்த ஒருத்தன் எழும்பி வந்து, "சேர், நூல் எங்க கட்டியிருக்கு?" என்று கையால் மேலே தடவிப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் நைதரசன் வற்றியது, காந்தம் மெல்லச் சாய்ந்து வில்லையில் படுத்துக்கொண்டது. அந்த வகுப்பில் அன்றைக்கு நான் வேறு ஒன்றும் படிப்பிக்கவில்லை.

அந்த வில்லையை நீங்களே செய்யலாம். இற்றியம் ஒட்சைட்டு, பேரியம் காபனேற்று, செப்பு ஒட்சைட்டு மூன்றையும் அளந்து அரைத்து, 950 பாகை அளவில் சூளையில் வைத்து, திரும்ப அரைத்து, வில்லையாக அழுத்தி, ஒட்சிசன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட வேண்டும். பேரியம் காபனேற்று நஞ்சு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொட வேண்டாம். நல்ல சூளை இருந்தால் போதும். ஆனால் அதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், நல்ல சமையல். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று சொல்வதற்கு வேண்டிய அளவுக் கருவிகள் வேறு ரகம். கருவி இருந்தவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2023 யூலையில் தென்கொரியாவில் இருந்து எல்கே-99 என்று ஒரு பொருள், அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி என்ற பேரோடு வந்தபோது என் மாணவர்கள் நித்திரை கொள்ளவில்லை. கடைசியில், உள்ளே கலந்திருந்த செப்பு சல்பைட்டு 100 பாகையைத் தாண்டிய இடத்தில் நிலை மாறுவதால் வந்த தடை வீழ்ச்சி என்று தெரிந்தது. இலங்கையில் பிறந்த ரங்க டயஸ் அமெரிக்காவில் இருந்து அறை வெப்பநிலை மீகடத்தி என்று வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை நேச்சர் இதழ் 2022இலும் 2023இலும் மீளப்பெற்றது. இந்தத் துறையில் ஆசை இருந்தால் மேற்படிப்புக்கு வெளியே போங்கள். செயற்றிட்டத்துக்கு வேண்டாம்.

தொற்றுநோயில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அப்பாவால். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் சைக்கிளில் போவார். மோதிர விரலைத் துடைத்து ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் இரண்டு இடத்தில் இரத்தம். ஒன்றைத் தடிப்பாக வட்டமாகத் தேய்ப்பார், மற்றதை இன்னொரு தகட்டின் விளிம்பால் மெல்லிசாக இழுப்பார். காய்ந்ததும் பழைய பேப்பரில் சுற்றி, பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதுவார். தடித்ததில் கிருமி இருக்கிறதா என்று தேடுவது, மெல்லியதில் எந்த இனம் என்று பார்ப்பது. அவ்வளவுதான் வேலை. அதை யுத்தத்துக்குள்ளும் விடாமல் செய்தார்கள். 1963இல் முழு இலங்கைக்கும் 17 மலேரியா நோயாளர்தான். முடிந்தது என்று கையை எடுத்தார்கள். 1968-69இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 1999இல் மறுபடியும் இரண்டரை லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பங்கு யுத்தம் நடந்த மாவட்டங்களில். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அப்பா அந்தச் செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு, "பதினேழு பேர் எண்டேக்கையும் இப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றார். அந்த நேரத்திலேயே இந்தியாவின் நகரத்து மலேரியா நுளம்பான அனோபிலஸ் ஸ்டெபென்சி மன்னாரில் அகப்பட்டது. ஆற்றுக் குட்டையை நம்பியிருந்த பழைய நுளம்பு இல்லை இது, கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும் இதற்கு.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லப்போவது எலிக்காய்ச்சல். 2008இல் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கும் மேல் சந்தேக நோயாளர், இருநூறு அளவில் மரணம். 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஆட்கள் இறந்து, பிறகுதான் இது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீரில் இருந்து ஈர மண்ணுக்கு வந்து, குதிக்கால் வெடிப்பாலும் மண்வெட்டிக் காயத்தாலும் உள்ளே போகும். மாடும் எருமையும் கூட இந்தக் கிருமியைச் சுமக்கும், அதைப் பலர் மறந்துவிடுவார்கள். மலேரியாக் கிருமியை அப்பாவின் முறையில் கண்ணால் காணலாம், இதைக் காண முடியாது. சாதாரணச் சாயமும் நுணுக்குக்காட்டியும் போதாது, வளர்த்துப் பார்க்கக் கிழமைக்கணக்காகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வயற்காரர் கெண்டைக்கால் நோவை நெற்சூடு அடித்ததால் வந்த நோ என்று நினைத்து மூன்று நாள் பனடோலில் ஓட்டினார். கண் சிவந்த பிறகுதான் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த டொக்சிசைக்கிளின் மாத்திரை, கிழமைக்கு ஒருதடவை போட வேண்டியது, அப்படியே சேட்டுப் பையில் இருந்தது. வெறும் வயிற்றில் போட்டு ஒருநாள் சத்தி எடுத்தாராம், விட்டுவிட்டார்.

பொறியியல் மாணவருக்கு இங்கே என்ன வேலை? கிருமியைத் தேடுவது உங்கள் வேலை இல்லை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கையில் மாவட்ட வாரியாக எண்ணிக்கை போடுகிறது, இணையத்தில் இலவசம். கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு ஒற்றை இலக்கம்தான் அதிகம் வரும். அதை வைத்து ஆழ்கற்றல் மாதிரி ஓட்டினேன் என்று எழுதினால் நானே சிரிப்பேன். மாவட்டம் என்பது மிகப் பெரிய சல்லடை. எந்தக் குளத்தின் கீழ், எந்த வாய்க்கால் ஓரம், தண்ணீர் எத்தனை நாள் தேங்கியது என்பதுதான் வேண்டியது. அதை அளக்கும் கருவியை நீங்கள் செய்யலாம். அது சொல்வதை முறிகண்டிக்கு வரும் பஸ் கொண்டுவரலாம். நோயாளர் விபரத்தைத் தொடுவதானால் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்க வேண்டாம். பரிசோதகரிடம் முதலில் போய்ப் பேசுங்கள், வயல்களை அவருக்குக் கணக்காகத் தெரியும்.

போன வருடம் என் மாணவர் மூவர் ஒரு மாட்டின் கழுத்தில் லோரா என்ற நெடுந்தூர ரேடியோக் கருவி ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள், இரவில் வீதிக்கு வந்தால் தெரியட்டும் என்று. மூன்றாம் நாள் மாடு பனையில் உரசி உடைத்துவிட்டது. மாட்டுக்காரர் உடைந்த துண்டுகளைப் பத்திரமாகச் சேலைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தந்தார். "தம்பியவை, மணி கட்டினால் காணாதோ?" என்று கேட்டார். ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிற பஸ்ஸுக்கு மணிச்சத்தம் கேட்காது என்று அவர்கள் விளக்கினார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்தமுறை கழுத்தில் வேண்டாம், கொம்புக்குப் பின்னால் கட்டுங்கள், அங்கே அது உரசாது என்றார். இன்னும் கட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் வருவதென்றால் மாடு தயார்.