மூன்று பந்தயம் சறுக்கினால் வேலை போகுமா?

தம்பி, இங்கிலாந்தின் நார்தாம்ப்டனுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களுக்கு கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அதிகமாக ஆர்டர் தரும் பெரிய அணி சீசனின் முதல் மூன்று பந்தயங்களிலும் பின்தங்கிவிட்டது. "அக்கா, அவ்வளவு பணமும் அவ்வளவு எஞ்சினியர்களும் இருந்தும் ஏன் சரிசெய்ய முடியவில்லை? திங்கட்கிழமை காலையில் யாரும் பேசுவதே இல்லை. என் வேலைக்கு ஆபத்து வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வட்டாரத்தில் இதே தொழிலில் 14 வருடமாக இருக்கிறேன். முதல் கேள்வி புரிந்துவிட்டால் இரண்டாவதில் உள்ள பயம் பாதி இறங்கிவிடும், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

ஒரு பெரிய அணி தடுமாறினால் வெளியில் இருப்பவர்கள் இன்ஜின் சரியில்லை, ஓட்டுநருக்கு வயதாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் கூட வேலை செய்பவர்கள் வாயில் கோரிலேஷன் என்ற சொல் அடிக்கடி வரும், கவனித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரும் விண்ட் டனலும் (காரின் மாதிரிமேல் காற்றை ஊதிச் சோதிக்கும் கூடம்) சொன்ன கணக்கு, தடத்தில் ஓடும் காரோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் அது. கார் அரை நொடி மெதுவாக இருந்து, காரணமும் தெரிந்தால் யாரும் அவ்வளவு கலங்க மாட்டார்கள். காரணம் தெரியாத அரை நொடிதான் ஆளைத் தூங்கவிடாது.

2022 மெர்சிடிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிகளுக்கான சாம்பியன் பட்டம் வாங்கியவர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ப்ராக்லியில் இருக்கும் அவர்கள் தொழிற்சாலையும் பக்கம், இன்ஜின் செய்யும் ப்ரிக்ஸ்வொர்த் இன்னும் பக்கம். அந்த வருடம் விதிகள் அடியோடு மாறின. காரின் அடிப்பகுதியில், அதாவது ஃப்ளோரில், காற்று பாயும் வழிகளை அமைத்து, அதன் மூலம் காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் முறை வந்தது. மெர்சிடிஸ் பக்கவாட்டை ஒட்ட ஒட்டச் செதுக்கிய ஒரு காரைக் கொண்டுவந்தது. கணக்கில் அது அபாரமான கார். தடத்தில் இறங்கியதும் குதிக்க ஆரம்பித்தது.

போர்ப்பாய்சிங் என்று பெயர் வைத்தார்கள். நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற, ஃப்ளோருக்கு அடியில் ஓடும் காற்று காரைக் கீழே இழுக்கும். தரைக்கு மிக அருகில் வந்ததும் அந்த இடுக்கில் காற்றோட்டம் திணறிப்போகும், இழுவிசை சட்டென்று விடும், கார் மேலே எழும்பும். எழும்பியதும் காற்று மறுபடி ஓடும், மறுபடி இழுக்கும். ஒரு நொடிக்குள் இப்படிப் பல முறை. பாகுவில் அந்த ஜூன் மாதம் பந்தயம் முடிந்து மெர்சிடிஸ் ஓட்டுநர் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதை நான் டிவியில் பார்த்தேன். நாங்கள் மேசைமேல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் ஒரு பொருள் ஒரு மனிதனின் முதுகெலும்பை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதை ஏன் முன்கூட்டியே பார்க்கவில்லை என்றுதானே கேட்பீர்கள்? விண்ட் டனலில் வைப்பது முழு கார் கிடையாது, 60 சதவீத அளவு மாதிரி. காற்றின் வேகத்துக்கும் நொடிக்கு 50 மீட்டர் என்று உச்சவரம்பு உண்டு. மணிக்கு 180 கிலோமீட்டர்தான் வருகிறது, பந்தயத்திலோ கார் 300-ஐத் தாண்டும். அதோடு மாதிரியை ஒரு தாங்கியில் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பார்கள். குதிக்க முடியாத ஒன்றை வைத்துக் குதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? அந்த வருடம் குதிக்காத அணிகள் குறைவு. மெர்சிடிஸுக்கு மட்டும், அதைத் தணிக்க காரை உயர்த்தினால் அவர்கள் நம்பியிருந்த வேகம் முழுவதும் கரைந்துபோனது. சவூதியில் ஹாமில்டன் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்திலேயே வெளியேறினார். இமோலாவில் 13-ஆம் இடம். பந்தயம் முடிந்ததும் இப்படி ஒரு காரைக் கொடுத்ததற்காக அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் ரேடியோவில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

சரி, அப்படியானால் ஒரு மாதம் உட்கார்ந்து புது காரே செய்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் விதிகள் கையைக் கட்டுகின்றன. 2021-இல் செலவு வரம்பு வந்தபோது ஒரு வருடத்துக்கு 14.5 கோடி டாலர் என்று வைத்தார்கள். ஓட்டுநர் சம்பளம் மாதிரி சில செலவுகள்தான் அதற்கு வெளியே. புதிய ஃப்ளோர் செய்தாலும், விபத்தில் நொறுங்கிய முன் இறக்கையை மாற்றினாலும் அதே பையிலிருந்துதான் காசு. சீசன் நடுவே அந்த வருடக் காரை நினைத்தபோது தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது விண்ட் டனல் நேர ஒதுக்கீடு. 2022 முதல், முந்தைய வருட சாம்பியனுக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம்தான் கிடைத்தது, பத்தாவதாக வந்த அணிக்கு 115 சதவீதம். உச்சியில் இருப்பவர் தவறான பாதையில் போய்விட்டால், அதைக் கண்டுபிடித்துத் திரும்பி வர அவருக்குத்தான் நேரம் மிகக் குறைவு. போட்டி சமமாக இருக்க இது நியாயமான விதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று வெளியில் யாரும் பேசுவதில்லை.

அந்தச் சீசனில் மெர்சிடிஸின் ஒரே வெற்றி நவம்பரில், பிரேசிலில், ஜார்ஜ் ரஸ்ஸல் மூலம் வந்தது. அடுத்த வருடமும் அதே பாணியில் கார் கொண்டுவந்து, பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்தோடு அந்தப் பாதை தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். மொனாக்கோவில் பக்கவாட்டையும் முன் சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள்.

நேர்மாறான கதை இன்னோர் அணியான மெக்லாரனுடையது. 2023 பஹ்ரைனில் ஒரு கார் பாதியில் நின்றது. இன்னொன்றில் காற்றழுத்தக் கசிவு, அதை ஓட்டிய நாரிஸ் ஆறு முறை பிட்டுக்கு (தடத்தின் ஓரம் காரைச் சரிபார்க்கும் இடம்) வந்து 17-ஆவதாக முடித்தார். ஆனால் கார் எதிர்பார்த்த அளவில் இல்லை என்பதை சீசன் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். தொழில்நுட்பப் பொறுப்புகளை மாற்றி அமைத்து, ஜூலையில் ஆஸ்திரியாவுக்குப் பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரமே சில்வர்ஸ்டோனில் நாரிஸ் இரண்டாவது, அணியின் இன்னோர் ஓட்டுநர் பியாஸ்ட்ரி நான்காவது. 2024-இல் அணிப் பட்டமே கிடைத்தது, 1998-க்குப் பிறகு முதல் முறையாக. குறை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் மாற்றியது பலித்தது.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, மோசமான ஒரு பந்தயத்துக்கு மறுநாள், ஃப்ளோரின் ஓரத்தில் பொருத்தும் ஒரு சிறு பாகத்துக்கு அவசர ஆர்டர் வந்தது. எந்த அணி என்று சொல்லக்கூடாது, நீங்களும் எங்கும் சொல்லாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து ப்ரீப்ரெக் ரோலை, அதாவது பிசின் ஊறிய கார்பன் துணிச் சுருளை, எடுத்தால், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் படிந்துவிடும். வெளியே மேனேஜர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நாங்கள் நால்வரும் திறக்காத பையைச் சுற்றி நிற்கிறோம். அப்புறம் வெட்டி, அடுக்கடுக்காக அச்சில் விரலால் அழுத்திப் படியவைத்து, வாக்குவம் பை கட்டி, ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தத்தோடு சூடேற்றும் அடுப்பில், ஏற்றும்போது நள்ளிரவு. புதன்கிழமை அளந்து பார்த்து அனுப்பினோம். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் அது காரில் இருந்தது, எங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில். இரண்டாம் பயிற்சியில் இல்லை. கணக்கு சொன்னது தடத்தில் கிடைக்கவில்லை என்று கழற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை எங்கள் சூப்பர்வைசர் சொன்னது இரண்டே வார்த்தை: நாட் ஐடியல். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் பெரிய அடி என்பது. வந்த புதிதில் எனக்கு அது புரியாமல், ஏதோ சின்ன விஷயம் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதனால் உங்கள் ஆட்கள் பேசாமல் இருப்பதை உங்கள் மேல் உள்ள கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் செய்த பொருள் தோற்றிருக்கிறது, அந்த வலி அது. டீ நேரத்துக்குப் பிறகு பேச்சு தானாக வரும்.

வேலை விஷயம். நான் பார்த்தவரை, சீசன் தொடக்கத்தில் ஓர் அணி தடுமாறும்போது எங்களுக்கு ஆர்டர் கூடும், ஏனென்றால் அடுத்தடுத்துப் புதிய பாகம் செய்து பார்ப்பார்கள். குறைவது பின்னால்தான், செலவு வரம்பு நெருங்கும் மாதங்களில், அல்லது அடுத்த வருடக் காருக்குத் திரும்பிவிட்டால். தரவரிசைப்படி கிடைக்கும் பரிசுப் பணமும் அடுத்த வருடக் கணக்கில்தான் வருகிறது. மூன்று பந்தயத்தை வைத்து யாரும் ஆளை அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆனாலும் நீங்கள் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர். வேலை போனால் புதிய ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், பயத்தினால் இல்லை, நிம்மதியாகத் தூங்குவதற்கு. இந்த வட்டாரத்தில் பந்தயத் தொழில் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கின்றன. மில்டன் கீன்ஸ், சில்வர்ஸ்டோன், பான்பரி எல்லாம் காரில் போய்வரும் தூரம். இப்படி அடுக்கடுக்காக லேமினேட் செய்யத் தெரிந்த கை வீணாகாது. ஊருக்குப் போக லீவு போடுவதென்றால் கோடையில் அணிகள் கட்டாயமாக மூடும் 14 நாளை ஒட்டிப் பாருங்கள், இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை மட்டும் பார்க்காமல், வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியின் தொடக்கத்தைப் பாருங்கள். சில கார்களில் சக்கரத்துக்குப் பின்னால் கம்பி வேலி போல ஒரு சட்டம் கட்டியிருப்பார்கள், சிலவற்றில் ஃப்ளோர் ஓரத்தில் பளீரென்ற பெயின்ட் பூசியிருப்பார்கள். காற்று எங்கே போகிறது என்று கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெயின்ட் ஓடிய கோடுகள் சீராக இருந்தால் திங்கட்கிழமை உங்கள் சூப்பர்வைசரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் நின்று பதில் சொல்வார்.